போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு: கரி ஃபில்டர் ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி:
வேப்பனப்பள்ளி பக்கம், ஆந்திரா எல்லையை ஒட்டிய போர்வெல். லேப் ரிப்போர்ட்டில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 3 மி.கி., பிஎச் (அமில-கார அளவு) 8.1. தேங்காய்த்தொட்டிக் கரி ஃபில்டர் போட்டும் அளவு அப்படியே இருக்கிறது. கரியைக் கூட்டலாமா, அலுமினாவுக்கு (அலுமினியம் ஆக்சைடு குருணை) மாறலாமா?

பதில் 1:
கூட்டிப் பயனில்லை சார். கரியின் பரப்பில் ஒட்டுவது பெரும்பாலும் கரிமப் பொருட்கள், வாடை, நிறம். ஃப்ளோரைடு அயனி தண்ணீரோடு இறுகப் பிணைந்து கிடக்கும், கரிக்கு வராது. பிஎச்சை 3 வரை இறக்கினால் ஓரளவு பிடிக்கும், ஆனால் அதை யார் குடிப்பது? கொதிக்கவும் வைக்காதீர்கள்: நீர் ஆவியாகும், ஃப்ளோரைடு தங்கி அடர்த்தி ஏறும்.

பதில் 2:
ஆக்டிவேட்டட் அலுமினாதான் சரி. அதன் பரப்பு அமிலப் பக்கத்தில் நேர்மின்னேற்றம் பெறும், ஃப்ளோரைடை இழுக்கும், பிஎச் 5.5 முதல் 6 வரை நன்றாக வேலை செய்யும். உங்கள் 8.1-இல் ஹைட்ராக்சைடு, பைகார்பனேட், சிலிகேட் எல்லாம் அதே இடத்துக்குப் போட்டி போடும், அதனால் கிலோவுக்கு 1 கிராம் ஃப்ளோரைடு என்றே கணக்கு வையுங்கள். 10 லிட்டர் அலுமினா சுமார் 8 கிலோ, அதாவது 8 கிராம் பிடிக்கும். 3-ஐ 1-ஆக்க லிட்டருக்கு 2 மி.கி. எடுக்க வேண்டும், ஆக 4000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தினம் 20 லிட்டர் என்றால் 200 நாள். குளிக்க, துவைக்க இதில் விடாதீர்கள்.

வேகமும் முக்கியம். அலுமினா படுகையில் தண்ணீர் 5 நிமிடமாவது தங்கணும். 10 லிட்டர் அலுமினாவுக்கு நிமிடம் 2 லிட்டருக்கு மேல் திறந்தால் ஃப்ளோரைடு தப்பிவிடும். குருணை 0.4 முதல் 1.2 மி.மீ. மேலிருந்து ஊற்றும்போது தண்ணீர் ஓரமாக வழி பிடித்து ஓடிவிடும், அடிக்கடி நடப்பது இதுதான். கீழிருந்து மேலே விடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
அலுமினாவின் பிடிக்கும் திறன் தீர்ந்தால் தூக்கிப் போடணுமா?

பதில் 2:
வேண்டாம். 1% காஸ்டிக் சோடாவில் (10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம்) 8 மணி நேரம் ஊற வைத்துக் கழுவுங்கள். பிறகு நீர்த்த கந்தக அமிலத்தில் 8 மணி நேரம்: லிட்டர் தண்ணீருக்கு அடர் அமிலம் 11 மி.லி., தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்றணும், மாற்றி அல்ல. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். பிஎச் 7 பக்கம் வரும்வரை அலசுங்கள்; அமிலம் மிச்சமிருந்தால் அலுமினியம் கரைந்து தண்ணீரில் வரும்.

பதில் 3:
அந்தக் காஸ்டிக் கழிவில்தான் பிடித்த ஃப்ளோரைடு முழுக்க இருக்கு. கிணற்றுப் பக்கமோ தோட்டத்திலோ ஊற்றாதீங்க. சுண்ணாம்பு போட்டுப் படியவிட்டு வண்டலைத் தனியாக எடுங்க. 4000 லிட்டர் வரை காத்திருக்காமல், பாதியிலேயே ஒரு தடவை வெளிவரும் தண்ணீரை லேப்பில் கொடுத்துப் பாருங்க. ஃப்ளோரைடு 1-க்கு மேல் வந்தால் கழுவும் நேரம் வந்தாச்சு.