மோட்சார்ட் கைவைத்த 'மெசையா'வைப் பாடலாமா?

ஈசூன்வாசி:
எங்கள் திருச்சபைப் பாடகர் குழு, வரும் கிறிஸ்துமஸுக்கு இசையமைப்பாளர் ஹாண்டல் இயேசுவைப் பற்றி அமைத்த நீண்ட இசைப்படைப்பான 'மெசையா'விலிருந்து முதற்பகுதியையும் வேறு சில பாடல்களையும் பாடவிருக்கிறது. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக பேண்டு வாசித்த இளையர்கள் இருப்பதால் கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் குறைவில்லை, ஆர்கன்தான் இல்லை. ஆகவே பின்னாளைய இசையமைப்பாளர் மோட்சார்ட் மாற்றியமைத்த வடிவத்தை எடுக்கலாம் என்கிறார் நடத்துநர். பிறர் கைவைத்ததைப் பாடுவது ஹாண்டலுக்குச் செய்யும் அவமரியாதை என்கிறார்கள் மூத்தவர்கள். மோட்சார்ட் உண்மையில் எவ்வளவு மாற்றினார்?

சுரஜதி:
ஐயா, அதை மோட்சார்ட் தாமாக எடுத்துச் செய்யவில்லை. ஹாண்டலின் பழைய படைப்புகளை வியன்னாவில் மீண்டும் ஒலிக்கச் செய்ய விரும்பிய பிரபு வான் ஸ்வீட்டன், 1789இல் அப்பணியை அவரிடம் ஒப்படைத்தார். பாடற்குரல்களையும் தந்திக் கருவிகளின் பகுதிகளையும் படியெடுப்போர் முன்கூட்டியே எழுதி, இடையில் வெற்று வரிகளை விட்டுக்கொடுத்தார்கள். மோட்சார்ட் அவ்வரிகளில் புல்லாங்குழல், கிளாரினெட், ஹார்ன் எனும் பித்தளைக் குழல் போன்றவற்றுக்கு எழுதிச் சேர்த்தார். ஆர்கன் செய்துவந்த இசைநிரப்பும் வேலையின் பெரும்பங்கை அவை ஏற்றுக்கொண்டன. உங்கள் குழுவின் நிலைமையும் ஏறக்குறைய அதுதானே! 'எக்காளம் தொனிக்கும்' என்ற வசனத்துக்கான பாடலில் துணிந்து கத்தரி வைத்தார். ஹாண்டல் காலத்து எக்காளக் கலைஞர்களின் உச்சஸ்தாயித் திறன் அதற்குள் அருகிவிட்டதால், பாடலைச் சுருக்கி, ஹார்னுக்கு முதன்மை கொடுத்தார். ஹாண்டலும் அந்தந்த நிகழ்ச்சியின் பாடகர்களுக்கு ஏற்பத் தம் பாடல்களைத் திருத்தியவர் என்பதை மூத்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

தெம்பனிஸ்_கேட்பவன்:
காரணங்களில் கருத்து வேறுபாடில்லை, விளைவில்தான் உண்டு. 'இருளில் நடக்கிற ஜனங்கள்' என்று தொடங்கும் ஆண்குரல் தனிப்பாடலை இரு வடிவங்களிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஹாண்டலில் தந்திகள் பெரும்பாலும் குரலோடு ஒரே இழையாகத் தடவித் தடவிச் செல்லும். துணைக்கு வேறு சுரம் இல்லாத அந்த வெறுமைதான் இருட்டு. மோட்சார்ட் அதன்மேல் காற்றுக் கருவிகளை அரையரைச் சுரமாக இழையவிடுகிறார். அழகு என்பதில் ஐயமில்லை, ஆனால் வழி தெரியாமல் தடுமாறுபவனுக்கு அவ்வளவு அழகான துணை எதற்கு? எக்காளப் பாடலைச் சுருக்கியதைவிட இதுவே பெரிய மாற்றம் என்பேன்.

சுரஜதி:
அந்த ஒரு பாடலை ஹாண்டல் எழுதியபடியே வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தந்திகளும் ஒரு கீபோர்டும் போதும். மற்றொன்று: மோட்சார்ட் ஜெர்மன் சொற்களுக்கு அமைத்தவர், சில கூட்டுப்பாடல்களின் தொடக்கத்தையும் தனிப்பாடகர்களிடம் கொடுத்தவர். எனவே ஆங்கிலத்தில் பாடுவதானால், பிரதிகளை வாங்குமுன் எந்தப் பதிப்பு என்று நடத்துநரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.