அம்மாவைப் பராமரிக்கும் பெண்ணுக்கு நேரடியாக எவ்வளவு சம்பளம் கொடுப்பது?

கேள்வி: வெள்ளவத்தைவாசி

பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் தாயாரை, ஹட்டனிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் ஒரு பெண் பராமரித்து வருகிறார். அவரை ஒரு முகவர் நிலையத்தினூடாகவே அமர்த்தினோம். நாளொன்றுக்கு நாங்கள் 3,500 ரூபா செலுத்த, அவருடைய கைக்கு 2,000 ரூபாதான் போய்ச் சேருகிறது என்பது அண்மையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. ஒப்பந்தம் இந்த மாதத்துடன் முடிகிறது. அதன்பின் அவரை நேரடியாக அமர்த்த ஒப்பந்தத்தில் தடை எதுவும் இல்லை, அவருக்கும் விருப்பந்தான். செலவில் பாதியை ஏற்கும் ரொறொன்ரோ அண்ணாவோ, சாப்பாடும் தங்குமிடமும் நாம்தானே கொடுக்கிறோம், இப்போது கிடைக்கும் 60,000 ரூபாவே போதும் என்கிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் எந்தக் கணக்கைக் காட்டி அவரிடம் பேசுவது என்று தெரியவில்லை.

பதில் 1: கொட்டாஞ்சேனைக் கணக்காளர்

முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வீட்டுப் பணியாளர்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் அந்தச் சட்டத்தின்கீழ் உங்களைக் கேட்பதற்கு ஆளில்லை. இதைச் சாதகமாக எடுத்துக்கொள்பவர்கள் கொழும்பில் ஏராளம்; நீங்கள் அவர்களில் ஒருவரல்லர் என்பதால்தான் இங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று கருதுகிறேன்.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச மாத வேதனம், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. கடை, அலுவலக ஊழியர்களுக்கு ஒரு நாளின் சாதாரண வேலை 8 மணித்தியாலம். அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றரை மடங்கு. மாதத்துக்கு 240 மணித்தியாலம் என்று வகுத்தால் மணிக்கு 125 ரூபா, மேலதிக நேரத்துக்கு 187.50 ரூபா. காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை ஒருவர் வேலை செய்தால், 26 நாட்களுக்கு மேலதிக நேரத்துக்கு மட்டும் 19,500 ரூபா சேர்கிறது. மொத்தம் 49,500. எந்தப் பயிற்சியும் தேவைப்படாத ஒரு கடை வேலைக்கே இது அடிமட்டம். இரவு இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை.

பதில் 2: தெஹிவளைத் தாதி

இரவைப் பற்றி நான் சொல்கிறேன். தாமாகப் புரள முடியாத நோயாளியை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையில் மூன்று, நான்கு தடவை அந்தப் பெண் எழும்புகிறார் என்றால், அதை "வீட்டில் தங்கியிருத்தல்" என்று எழுதிவிட முடியாது. உங்கள் தாயாருக்கு மூக்குக் குழாய்வழி உணவோ சிறுநீர்க் குழாயோ இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அவை இருந்தால் அது பயிற்சி பெற்றவரின் வேலை, அதற்குச் சம்பளமும் வேறு. என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்த பராமரிப்பாளர்கள் இஸ்ரேலுக்குப் போக முயன்றுகொண்டிருக்கும் காலம் இது. நல்லவர் கிடைத்தால் தக்கவைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: பம்பலப்பிட்டியில் பணிபுரிபவள்

நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன் ஐயா. சம்பளத் தொகையை மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். நான் முன்பு இருந்த ஒரு வீட்டில், நோயாளியான அம்மாவின் கட்டிலடியில் பாய் விரித்துப் படுப்பேன். அவர் கையில் கட்டிய நூலின் மறுமுனை என் மணிக்கட்டில் இருக்கும். விருந்தினர் வந்தால் சமையலும் என் தலையில்தான். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வார்டில் பக்கத்திலேயே நான் இருந்தும், "வீட்டில் வேலை இல்லைதானே" என்று அந்த நாட்களுக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள். அவர் காலமானபோது, செத்தவீடு முடிந்த கையோடு பஸ் காசைத் தந்து அனுப்பிவிட்டார்கள்.

ஆகையால் மூன்றை எழுத்தில் கொடுங்கள். ஆஸ்பத்திரி நாட்களுக்கும் முழுச் சம்பளம். வேலை எப்படி முடிந்தாலும் ஒரு மாதச் சம்பளம். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. அந்த நாளில் உங்கள் வீட்டார் யாராவது அம்மாவைப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போக விடுவதும், ஜனவரியில் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு முற்பணம் தருவதும் உங்கள் விருப்பம். ஆனால் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் எங்களை வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. குழாய் எதுவும் இல்லை. ஆனால் இரவில் நான்கு தடவை எழும்புகிறார் என்று அவரிடமே கேட்டறிந்தேன். தடவைக்கு அரை மணித்தியாலம் வைத்தால் இரவுக்கு 375 ரூபா, 26 இரவுகளுக்கு 9,750. அதை 49,500 உடன் கூட்டினால் 59,250. அண்ணா போதும் என்ற 60,000 ரூபா, பயிற்சியே இல்லாத ஒருவரின் அடிமட்டக் கூலி என்பதை இந்தக் கணக்கோடு அவருக்கு அனுப்பினேன். சாப்பாட்டுச் செலவைக் கழிக்க வேண்டாமா என்று ஒருமுறை கேட்டார். இரவு முழுவதும் அம்மாவின் அறையை விட்டு அகல முடியாதவர் வேறெங்கே போய்ச் சாப்பிடுவார் என்றேன். 80,000 ரூபாவுக்கு இணங்கிவிட்டார். முகவர் நிலையத்துக்குக் கொடுத்துவந்த 105,000 ரூபாவில் மிஞ்சும் 25,000 ரூபாவை, ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றாக வருபவருக்கும், இவர் விலகும்போது கொடுக்க வேண்டிய ஒரு மாதச் சம்பளத்துக்குமாக ஒதுக்கிவைக்க எண்ணியுள்ளோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரக்கூடிய நம்பிக்கையான ஒருவர் வெள்ளவத்தைப் பக்கம் இருந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள்.