‘வுட் யூ மைண்ட்’ என்று கேட்டவரை நிற்க வைத்துவிட்டேன்

பாய்க்கடைக்காரர், பத்தமடை:
அப்பா காலத்திலிருந்து பாய்க்கடை வைத்திருக்கிறோம். சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் என்பதால் வெளிநாட்டார் சிலர் இங்கே வருவதுண்டு. வந்த காலோடு பாயும் பார்ப்பார்கள். விலை, அளவு, கோரையை ஊறவைப்பது, கீறுவது எல்லாம் எனக்கு ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறியாவது வந்துவிடும். மரியாதைதான் வருவதில்லை.

போன வாரம் ஓர் அம்மையார் வந்தார். அறுபது வயதிருக்கும். வெயிலில் நடந்து முகம் கன்றிப் போயிருந்தது. ஸ்டூலைக் காட்டி, "வுட் யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்றார். நானும் பல்லெல்லாம் தெரிய "யெஸ், யெஸ்" என்றேன். "ஓ, சாரி" என்று விலகி நின்றுகொண்டார். நான் ஒவ்வொரு பாயாக விரிக்கிறேன், அவர் நின்றே பார்க்கிறார். பொறுக்காமல் "சிட், சிட்" என்றேன். அப்போதுதான் உட்கார்ந்தார், அதுவும் ஸ்டூலின் ஓரத்தில். பிறகு "யூ வாண்ட் காப்பி?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார்.

அந்த ‘சிட், சிட்’டை நாய்க்குச் சொல்வதுபோல் சொன்னேனாம். என் மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ‘ப்ளீஸ்’ போட்டால் போதும் என்கிறாள். அவ்வளவுதானா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை:
அண்ணாச்சி, அந்தக் கேள்வியில் ‘மைண்ட்’ என்றால் ஆட்சேபம். "நான் உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டவரிடம் "உண்டு, உண்டு" என்று சிரித்திருக்கிறீர்கள். "நாட் அட் ஆல்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலேயர்களே பேச்சுவாக்கில் "ஷ்யூர், கோ அஹெட்" என்பார்கள், அதுவும் சம்மதம்தான். வெறும் ‘யெஸ்’ மட்டும் ஆபத்து.

‘ப்ளீஸ்’ விஷயத்தில் உங்கள் மகள் சொல்வது பாதி சரி. நமக்கு மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. ‘தா’ என்பதைத் ‘தாருங்கள்’ என்று நீட்டினால் வேலை முடிந்தது. அதனால்தான் ‘தயவுசெய்து’ என்ற சொல் நம் வாயில் அவ்வளவாக வருவதில்லை. ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்பதற்கு வால் கிடையாது. பேரனுக்கும் கலெக்டருக்கும் ஒரே ‘கிவ்’. வாலில் வைக்க முடியாத மரியாதையை அவர்கள் தலையில் வைக்கிறார்கள்: கட்டளையைக் கேள்வியாக்கி, "குட் யூ கிவ் மீ..." என்பார்கள். ‘கேன்’ என்பதன் இறந்தகால உருவம்தான் ‘குட்’. ஆனால் இங்கே அது நேற்றைக் குறிப்பதில்லை, ஓரடி தள்ளி நின்று கேட்பதைக் குறிக்கிறது. வெறும் கட்டளையின் பின்னால் ‘ப்ளீஸ்’ ஒட்டினால் அது பணிவான கட்டளை, அவ்வளவே.

நர்ஸ், அம்பாசமுத்திரம் (இப்போது இங்கிலாந்து):
டீச்சர் சொன்னது நாம் ஒன்றைக் கேட்கும்போது. கொடுக்கும்போது கணக்கு வேறு. லாபம் எதிராளிக்கு என்றால் கட்டளையே உபசாரமாகிவிடும். "ஹாவ் எ சீட்", "ஹாவ் சம் காப்பி" இரண்டும் கட்டளை வாக்கியங்கள்தாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். கேள்வியாகவே கேட்க வேண்டுமென்றால் "வுட் யூ லைக் சம் காப்பி?" என்று கேளுங்கள். ‘வாண்ட்’ தப்பில்லை, ஆனால் அது வீட்டு ஆட்களோடும் நண்பர்களோடும் பேசுவது.

இதில் நம் ஊர் வழக்கமும் அதுதானே! "வந்தவரிடம் வேணுமா என்றா கேட்பார்கள்? கொண்டுவந்து வை" என்று என் ஆச்சி அதட்டுவாள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், உடன் வேலை செய்பவர் டீ வேண்டுமா என்று கேட்டார். நம் வழக்கப்படி முதல் தடவை "நோ, தேங்க்ஸ்" என்றேன், இரண்டாம் தடவை கேட்பார் என்று. கேட்கவே இல்லை. அவர் என் எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்து முடித்தார். இங்கே ‘நோ’ என்றால் ‘நோ’. அந்த அம்மையாருக்கும் உண்மையிலேயே காப்பி வேண்டாமாக இருந்திருக்கலாம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்டோ ஓட்டுநர், வண்ணார்பேட்டை:
நான் ‘கைண்ட்லி’ என்றுதான் ஆரம்பிப்பேன். "கைண்ட்லி சிட்." இதுவரை யாரும் முறைத்ததில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை:
தம்பி, கடிதத்தில் எழுதலாம். நேரில் சொன்னால் ஆங்கிலேயர் சிலருடைய காதில் அது பொறுமை இழந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதுபோல் விழும். நம் நாட்டில் பழகிய சொல் என்பதால் தப்பித்திருக்கிறீர்கள்.

பாய்க்கடைக்காரர், பத்தமடை:
ரொம்ப நன்றி. ‘நாட் அட் ஆல்’ என்று தமிழிலேயே எழுதிப் பில் புத்தகத்தின் அட்டையில் ஒட்டிவிட்டேன். இன்னொன்று. பட்டுப்பாயை விரித்தவுடன் சிலர் ஷூவோடு மிதித்துவிடுகிறார்கள். நெய்தவர் பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும். கழற்றச் சொல்வது எப்படி?

ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை:
"வுட் யூ மைண்ட் டேக்கிங் ஆஃப் யுவர் ஷூஸ், ப்ளீஸ்?" ‘டேக்’ இல்லை, ‘டேக்கிங்’. மைண்டுக்குப் பின்னால் நேராக வினை வந்தால் ‘இங்’ சேரும்.

பாய்க்கடைக்காரர், பத்தமடை:
சரி டீச்சர். அதற்கு அவர் என்னைப்போலவே "யெஸ், யெஸ்" என்றால்?

நர்ஸ், அம்பாசமுத்திரம் (இப்போது இங்கிலாந்து):
வாயைப் பார்க்காதீர்கள் அண்ணாச்சி, காலைப் பாருங்கள்.