பொட்டுவை எப்படி அழைத்துப் போவது? – குடும்பக் குழுவில் ஒரு மாலை

நித்யா: எல்லோருக்கும் ஒரு செய்தி. ஜெர்மனி வேலை உறுதியாகிவிட்டது. இரண்டு மாதத்தில் சேர வேண்டும். பொட்டுவையும் என்னுடன் அழைத்துப் போகிறேன். டிக்கெட்டை இன்றிரவே எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மாமா: வாழ்த்துகள் அம்மா! நாய்க்கும் டிக்கெட் உண்டா?

சித்தி: நித்யா, வாழ்த்துகள் கண்ணே. டிக்கெட்டை மட்டும் இப்போது எடுத்துவிடாதே. பொட்டுவுக்கு மைக்ரோசிப், அதுதான் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப், போட்டிருக்கிறதா?

நித்யா: இல்லை சித்தி. ஆனால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போன மாதம்தான் போட்டோம். அட்டையும் இருக்கிறது.

சித்தி: அந்த ஊசி ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் செல்லாது. முதலில் சிப், அதற்குப் பிறகே ஊசி. இரண்டையும் ஒரே நாளில் போடலாம், ஆனால் சிப்புக்கு முந்தின ஊசியை ஏற்கமாட்டார்கள். எந்த நாய்க்கு ஊசி போட்டார்கள் என்பதற்கு சிப்பில் இருக்கும் 15 இலக்க எண்தான் சாட்சி.

அருண்: அப்படியானால் நாளைக்கே சிப்பும் ஊசியும் போட்டுவிட்டால் முடிந்ததா?

சித்தி: இல்லையப்பா. வெறிநாய்க்கடி விஷயத்தில் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று அவர்கள் விலக்கு அளித்த நாடுகளின் பட்டியலில் நாம் இருக்கும் நாடு இல்லை. அதனால் ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 சர்வதேச அலகு இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பார்.

நித்யா: நான்கு மாதம்.

நித்யா: சித்தி, நான் இரண்டு மாதத்தில் அங்கே இருக்க வேண்டுமே.

அருண்: அக்கா முதலில் போகட்டும். நான் பிறகு பொட்டுவைக் கொண்டுபோய் விடுகிறேன்.

சித்தி: நல்ல மனது அருண். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. நித்யாவின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு நீ கொண்டு போகலாம், ஆனால் அவள் பயணம் செய்வதற்கு முன்னோ பின்னோ ஐந்து நாளுக்குள் பொட்டுவின் பயணமும் இருக்க வேண்டும். இடைவெளி அதற்கு மேல் போனால் வணிகத்துக்காகக் கொண்டுவரும் விலங்குக்கான விதிகள் வந்துவிடும். வேலையில் சேரும் தேதியைத் தள்ளிக் கேள் நித்யா. முடியாவிட்டால் ஒரு முறை நீயே திரும்பி வந்து அழைத்துப் போ.

அம்மா: நான்கு மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

மாமா: கௌரி, எனக்கு ஒரு சந்தேகம். சரக்குப் பகுதியில் போடுவார்களாமே, அங்கே காற்று இருக்குமா?

சித்தி: இருக்கும் அண்ணா. விலங்குகளை ஏற்றும் பகுதியில் பயணிகளுக்கு இருக்கும் அதே காற்றழுத்தம்தான். வெப்பநிலையும் சீராக வைத்திருப்பார்கள். உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று தலைமை விமானிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். என் கவலை அது இல்லை. பொட்டு பக் இனம். சப்பை மூக்கு, குறுகிய நாசித் துவாரம், தொண்டைக்குள் நீண்டு தொங்கும் மெல்லண்ணம். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், இந்த இனத்துக்கு அதுவே பாடு. பயமும் வெக்கையும் சேர்ந்தால் மூச்சு அடைத்துவிடும். அதனால்தான் பல விமான நிறுவனங்கள் இவற்றைச் சரக்குப் பகுதியில் ஏற்றுவதே இல்லை. பொட்டு பயணிகள் அறையில், நித்யாவின் காலடியில்தான் போக வேண்டும்.

மாமா: ஒரு தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போகாதா?

சித்தி: வேண்டவே வேண்டாம் அண்ணா! ரத்த அழுத்தம் இறங்கும். விமானம் சாயும்போது காலை ஊன்றி நிற்க முடியாது. பக் இனத்துக்கு மூச்சே நின்றுபோகலாம். மயங்கிய நிலையில் இருக்கும் விலங்கைக் கவுன்டரிலேயே திருப்பி அனுப்புவதும் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் கூடாது.

நித்யா: நான் பார்த்து வைத்திருக்கும் விமானத்தில் பையோடு சேர்த்து 8 கிலோ வரை அறைக்குள் அனுமதி என்று இருக்கிறது.

சித்தி: பையோடு சேர்த்து என்பதை மறக்காதே. அக்கா, இப்போதே பொட்டுவை எடை பார்க்க முடியுமா?

அம்மா: இதோ.

அம்மா: அதைத் தனியாக நிற்க வைத்தால் இறங்கி ஓடுகிறது. தூக்கிக்கொண்டு நான் ஏறினேன். 68.9. நான் மட்டும் 61.4.

அருண்: 7.5 கிலோ. பை 1.2 கிலோ. மொத்தம் 8.7.

நித்யா: ஐயோ.

சித்தி: பதற்றம் வேண்டாம். அக்கா, பொட்டுவின் விலாவில் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். எலும்பு தட்டுப்படுகிறதா?

அம்மா: அழுத்தினால்தான் தெரிகிறது. சதை மூடியிருக்கிறது.

சித்தி: அப்படியானால் கொஞ்சம் இளைப்பது அதன் மூச்சுக்கே நல்லது. கையில் நான்கு மாதம் இருக்கிறது. மருத்துவர் சொல்லும் அளவில் சாப்பாட்டைக் குறையுங்கள், பட்டினி போடாதீர்கள். இன்னும் லேசான பையும் கிடைக்கும். முன் இருக்கைக்கு அடியில் நுழைய வேண்டும், உள்ளே பொட்டு எழுந்து நிற்கவும் திரும்பவும் முடிய வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் பையைத் தேடு.

சித்தி: அளவை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் நாய் வேலுவைக் கொண்டுபோன அன்று, கவுன்டரில் இருந்த பெண் கூண்டுக்கு முன் குனிந்து பார்த்தார். வேலு எழுந்து நின்றது. காது நுனி கூரையில் பட்டு மடங்கியது. அவ்வளவுதான், ஏற்ற முடியாது என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் செய்தது சரி. உட்கார்ந்திருந்த நாயை அளந்து கூண்டு வாங்கியது நான். நிற்க வைத்து, காது நுனி வரை அளந்திருக்க வேண்டும். நீளத்துக்கு மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். அகலம், தோளின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. இது கூண்டுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்த கணக்கு. சப்பை மூக்கு இனத்துக்குப் பத்து சதவீதம் கூடுதல்.

மாமா: அன்று நீ திரும்பி வந்தது இதற்காகவா? எங்களிடம் சொல்லவே இல்லையே.

சித்தி: சொல்ல மனம் வரவில்லை அண்ணா.

நித்யா: சித்தி, டிக்கெட் எடுக்கும் முன் வேறு என்ன கேட்க வேண்டும்?

சித்தி: விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசு. ஒரு விமானத்தின் அறைக்குள் இத்தனை விலங்குகள்தான் என்று கணக்கு உண்டு. பொட்டுவுக்கு இடத்தை உறுதி செய்துகொண்டு, பிறகு உன் இருக்கையைப் பதிவு செய். அவசர வழி வரிசையும், முன்னால் இருக்கை இல்லாத முதல் வரிசையும் கிடைக்காது. நடுவில் விமானம் மாறினால் அந்த நாட்டின் விதியையும் பார். பிரிட்டன் வழியாகப் போகாதே, அங்கே உதவி நாய்களைத் தவிர வேறு நாய்கள் அறைக்குள் அமர்ந்து வந்து இறங்க முடியாது.

சித்தி: அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழ், நீ அங்கே இறங்குவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் கையெழுத்தானதாக இருக்க வேண்டும். சிப் எண்ணை ஒவ்வொரு தாளிலும் ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார். ஒரு எண் மாறினாலும் வம்பு.

அருண்: பாதுகாப்புச் சோதனையில் பையோடு எக்ஸ்ரேயில் போய்விடுமா?

சித்தி: பை மட்டும்தான் போகும். பொட்டுவை வெளியே எடுத்து, நித்யா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்க வேண்டும். மார்புப் பட்டை இறுக்கமாக இருக்கட்டும், அந்தக் கூட்டத்தில் கைநழுவிவிடக் கூடாது. அக்கா, உங்களுக்கு ஒரு வேலை. பையை இன்றே திறந்து வையுங்கள். பயணத்தன்றுதான் முதல் முறை பார்த்தால் அது சிறை. நான்கு மாதம் அதிலேயே தூங்கிப் பழகினால் பொட்டுவுக்கு அதுதான் வீடு.

நித்யா: மருத்துவமனையில் பேசிவிட்டேன். நாளை காலை 9 மணிக்குச் சிப், கையோடு ஊசி. சேரும் தேதியைத் தள்ளி வைக்கக் கேட்டு அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன்.

அம்மா: பையைக் கூடத்தில் திறந்து வைத்து, நித்யாவின் பழைய துப்பட்டாவை உள்ளே விரித்தேன். பொட்டு தலையை மட்டும் நுழைத்து நெடுநேரம் மோந்து பார்த்தது. இப்போது முன்கால் இரண்டும் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. அப்படியே தூங்கிவிட்டது.