போனில் வந்த ஸ்டேஷன் அழைப்பு

எங்கள் தெருவில் நடந்த ஓர் அடிதடியை அப்பா வாசலில் நின்று பார்த்திருக்கிறார். எப்.ஐ.ஆர். போட்ட பிறகு, சாயங்காலம் ஒரு போன்: "இன்ஸ்பெக்டர் வரச் சொல்றார். ஒரு எட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க பெரியவரே."

"எதுக்குடா வம்பு, போயிட்டு வந்துடலாம்" என்று அப்பா சட்டையை மாட்டிவிட்டார். நான் அதே எண்ணுக்குத் திருப்பி அழைத்தேன். "சார், அப்பாவுக்கு 63 வயசு. புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 179-ஆவது பிரிவுப்படி நீங்கதான் வீட்டுக்கு வந்து விசாரிக்கணும். சாட்சியைக் கூப்பிடறதா இருந்தாலும் எழுத்துலதான் கூப்பிடணும்." "நீங்க வக்கீலா?" என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, காலையில எஸ்.ஐ. வருவார்" என்று வைத்துவிட்டார்.

இந்தச் சலுகை ஒரே நாளில் வந்ததல்ல. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160-ஆவது பிரிவில் பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் மட்டுமே இது இருந்தது. ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியையே ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் சொன்னது. 2013-இல்தான் 65 வயது தாண்டிய ஆண்களைச் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அதை 60 ஆக்கியது. பழைய சட்டமே இருந்திருந்தால் அப்பா போய்த்தான் ஆகவேண்டும்.

மறுநாள் எஸ்.ஐ. வந்தார். மரியாதையாகவே பேசினார், மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டார். முடிந்ததும் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எங்க கையெழுத்து போடணும்?" என்றார். "சாட்சி வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கக் கூடாதுங்க ஐயா" என்றார் எஸ்.ஐ. அப்பாவுக்கு அதுதான் ஆச்சரியம்.

எனக்கு அந்த இடத்தில் மதராஸ் மாகாணம்தான் நினைவுக்கு வந்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கிட்டி என்ற மர இடுக்கியைப் போட்டு விரலை நசுக்கியதையெல்லாம் 1855-இல் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையாகவே எழுதிவைத்தது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்ற விதி அந்தக் காலத்துச் சீர்திருத்தங்களில்தான், 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வந்தது. போலீஸ் எழுதிக்கொள்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்ற அதே எச்சரிக்கைதான் சாட்சியிடம் கையெழுத்து வாங்காததிலும் இருக்கிறது. நம் ஊர் விவசாயிகள் பட்ட அடியும் இந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைத்தால் மனசு கனத்துவிடுகிறது.

புதிய 179-இல் எனக்கு ஒரே ஒரு வரிதான் உறுத்துகிறது. இந்த விலக்கு உள்ளவர்கள் தாங்களே விரும்பினால் ஸ்டேஷனுக்கு வர அனுமதிக்கலாமாம். அந்த விருப்பத்தை எழுத்தில் வாங்க வேண்டும் என்று அதில் இல்லை. அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் பெண்களிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்: போனில் "வரேன் சார்" என்று சொல்லிவிட வேண்டாம், "வீட்டுக்கே வாங்க, சொல்றேன்" என்று சொன்னால் போதும்.