புராக்ரஸிவ் கண்ணாடி போட்டதிலிருந்து கழுத்து வலி, கண் எரிச்சல். டிடிபி (கம்ப்யூட்டரில் எழுத்து அடித்துப் பக்கம் வடிவமைக்கும்) வேலை பார்ப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சிவகாசி டிடிபி:
வயது 47. 22 வருடமாக டிடிபி வேலை. எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் (புது வருட மாதிரிகளின் தொகுப்பு) வெளியிட்டுவிட்டால் மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. தினசரி காலண்டர் தாளில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், பரிகாரம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்குமே, நாள் முழுக்க எனக்கு அதுதான் வேலை.

போன வருடம் வரை சாயங்காலம் கண் லேசாக எரியும், முகம் கழுவினால் சரியாகிவிடும். இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. நாலு மணிக்கு மேல் தண்ணீராகக் கொட்டுகிறது. டாக்டரிடம் போனால் கண் வறட்சி என்கிறார். கொட்டுகிற தண்ணீருக்கு வறட்சி என்றா பெயர்? கடையில் புராக்ரஸிவ் கண்ணாடி கொடுத்தார்கள். திரையின் நீல ஒளியைத் தடுக்கும் 'ப்ளூ கட்' என்று 1,200 ரூபாய் கூடுதல். எரிச்சலும் குறையவில்லை, கழுத்து வலி புதிதாகச் சேர்ந்ததுதான் மிச்சம்.

போன வாரம் ஒரு சனிக்கிழமைத் தாளில் ராகு காலம் 9.00 - 10.80 என்று அடித்துவிட்டேன். மூன்று தடவை பார்த்தும் எனக்கு 10.30 ஆகத்தான் தெரிந்தது. ப்ரூஃப் பார்க்கும் அண்ணாச்சி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "என்னப்பா, உன் கடிகாரத்துல மணிக்கு எம்பது நிமிஷத்துக்கு மேல ஓடுதா?" என்றார். சிரித்து வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அது அச்சு பிளேட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த வேலையை விட்டுவிட வேண்டியதுதானா?

மூக்குக்கண்ணாடி:
அண்ணே, வேலையை விட வேண்டாம். நான் ஆப்டோமெட்ரி (பார்வைப் பரிசோதனைப் படிப்பு) படித்துக் கடை வைத்திருப்பவன். முதலில் கழுத்துக்கு வருகிறேன். புராக்ரஸிவில் மேல்பாதி தூரப் பார்வைக்கு, அடியில் இருப்பது கையில் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு, அதாவது சுமார் 40 செ.மீ. மானிட்டர் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அதற்கான பகுதி நடுவில் ஒரு குறுகலான சந்து மாதிரிதான். பொடி எழுத்து தெரியவில்லை என்று முகவாயைத் தூக்கி அடிப்பகுதி வழியாகப் பார்ப்பீர்கள். அப்படி எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் கழுத்து என்ன செய்யும்?

ஒன்று செய்யுங்கள். வழக்கம்போல உட்கார்ந்துகொண்டு, கண்ணிலிருந்து திரை வரை இன்ச் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவைக் கடையில் சொல்லி, அந்தத் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டும்போது அது வேண்டாம். ப்ளூ கட் பற்றி ஒரு வார்த்தை (என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன்): 2023இல் மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் கம்ப்யூட்டரால் வரும் கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை.

இரவுப்பணி:
தண்ணீர் கொட்டினாலும் வறட்சிதான் சார், எனக்கும் அதே கதை. திரையைக் கூர்ந்து பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே போய்விடும், சில இமைப்புகள் அரைகுறையாகவும் இருக்கும். கண்ணீர்ப் படலம் காய்ந்து உறுத்தினால், கண் பதறிப்போய்த் தண்ணீரைக் கொட்டும். அந்தத் தண்ணீரில் எண்ணெய்ப்பசை போதாது, நிற்காமல் வழிந்துவிடும்.

உங்கள் மேஜை ஃபேன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? எனக்கு ஏசி காற்று நேரே முகத்தில் அடித்தது. இடம் மாறி உட்கார்ந்ததிலேயே பாதி குறைந்தது. மானிட்டரையும் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கண் கீழ்நோக்கினால் இமை பாதி மூடும், அவ்வளவு சீக்கிரம் காயாது.

ஒரு எச்சரிக்கை. மெடிக்கலில் "கண் சிவப்புக்கு ஒரு மருந்து" என்று கேட்டு வாங்கி நான் ஏழெட்டு மாதம் விட்டேன். இரண்டே நாளில் கண் பளிச்சென்று ஆனது. அப்புறம்தான் தெரிந்தது, அதில் ஸ்டீராய்டு. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசலோன் என்று லேபிளில் இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். வறட்சிக்குத் தருவது வேறு, செயற்கைக் கண்ணீர்.

சிவகாசி டிடிபி:
அளந்தேன், 26 அங்குலம். மானிட்டருக்கு அடியில் இரண்டு ரீம் பேப்பர் வைத்து நானேதான் உயர்த்தியிருந்தேன், யாரோ கழுத்துக்கு நல்லது என்று சொன்னதைக் கேட்டு! இரண்டையும் உருவிவிட்டேன். ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பியாயிற்று. பக்கத்து சீட் தம்பிக்குத்தான் கோபம், அவனுக்குக் காற்று வரவில்லையாம். 26 அங்குலத்துக்குத் தனிக் கண்ணாடி சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வரும். மெடிக்கலில் வாங்கிய புட்டியை எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை, வெறும் கண்ணீர் மருந்துதான்.

அதுவரை ராகு காலக் கட்டங்களை மட்டும் 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அண்ணாச்சி நேற்று ஒரே ஒரு வட்டம்தான் போட்டார். அதுவும் சூலம் கட்டத்தில் திசையின் பெயரில் ஒரு கொம்பு எழுத்து விட்டுப்போனதற்கு.