கன்சோலா, கம்ப்யூட்டரா: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு மாலை

செல்வி: அண்ணா, கதிர் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான். இவரோ டிவியில் செருகி விளையாடும் பிளேஸ்டேஷன் கன்சோல் போதும் என்கிறார். இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு. நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வான்.

பாரி: கன்சோலே வாங்கு. டிவியில் செருகினால் அன்று மாலையே விளையாடலாம். கம்ப்யூட்டர் என்றால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் முதன்முதலில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியபோது, மானிட்டர் கேபிளை, கேமின் காட்சிகளை வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல், எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போர்டில் செருகிவிட்டேன். ஒரு வாரம் எந்த கேமும் ஒழுங்காக ஓடவில்லை. ஆசையாகச் சேர்த்து வாங்கிய கார்டு உள்ளே சும்மா கிடந்தது. எவ்வளவு நொந்துபோனேன் தெரியுமா!

கதிர்: கேபிளை எங்கே செருக வேண்டும் என்று எனக்குத் தெரியும் மாமா.

பாரி: தெரியட்டும். பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில். அதில் இன்னமும் புதுப்புது கேம்கள் ஓடுகின்றன. எல்லாரிடமும் இருப்பது ஏறக்குறைய ஒரே இயந்திரம் என்பதால், அதற்கென்றே சோதித்து வெளியிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு கார்டு, ஆளுக்கு ஒரு டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். ஒரு கேம் ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

மாலா: அண்ணா, சந்தாவைச் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் கன்சோல் வந்த பிறகுதான் தெரிந்தது. காசு கொடுத்து வாங்கிய கேமையே நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து விளையாடத் தனியாகச் சந்தா கட்டுகிறோம். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு மட்டும் வேண்டாம்.

பாரி: உண்மைதான் மாலா. கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அந்தச் செலவு இல்லை. செல்வி, இன்னொன்று. டிஸ்க் போடும் வசதி உள்ள மாடலாகப் பார். விளையாடி முடித்ததை மாலா வீட்டுக்குக் கொடுக்கலாம், அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம்.

யாழினி: எனக்கும் விளையாட வேண்டும் மாமா. கம்ப்யூட்டர் வந்தால் அண்ணன் கதவைச் சாத்திக்கொள்வான்.

தாத்தா: குழந்தை சொல்வதையும் கவனியுங்கள்.

பாரி: யாழினிக்காகவும்தான் கன்சோல் என்கிறேன் அப்பா. கதிர், நீ அதிகம் விளையாடுவது எது?

கதிர்: மைன்கிராஃப்ட்.

பாரி: அது கன்சோலிலேயே ஓடுமே!

கதிர்: கன்சோலில் ஓடுவது பெட்ராக் பதிப்பு மாமா. என்னுடையது ஜாவா பதிப்பு, அது கம்ப்யூட்டரில் மட்டும்தான். அதற்கு நான் ஒரு மாட் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செல்வி: மாட் என்றால் என்ன?

கதிர்: கேமில் இல்லாததை நாமே நிரல் எழுதிச் சேர்ப்பது அம்மா. மைன்கிராஃப்டில் எவ்வளவு மழை பெய்தாலும் தீப்பந்தம் அணையாது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எழுதிய பந்தம் மழையில் அணைந்துவிடும், கூரைக்குக் கீழே இருந்தால் எரியும். அப்பாவின் பழைய லேப்டாப்பில் 4 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது. ஒரு வரியை மாற்றிவிட்டுப் பார்க்க, கேம் திறப்பதற்கே பத்து நிமிடம் ஆகிறது. அதனால்தான் இரவு நேரமாகிவிடுகிறது.

செல்வி: விளையாடிக்கொண்டிருக்கிறாய் என்றல்லவா நினைத்தேன். நேற்றுகூடத் திட்டினேனே.

பாரி: செல்வி, நான் சொன்னதை விட்டுவிடு. கம்ப்யூட்டரே வாங்கு. கன்சோலில் இவன் விளையாடலாம், எழுத முடியாது. மழைக்கு அணையும் பந்தத்தை யோசித்தவனிடம் கன்சோலைக் கொடுத்தால் எனக்கு மனசு ஆறாது.

செல்வி: செலவு கூடுமே அண்ணா?

பாரி: கூடும், மறைக்கவில்லை. ஆனால் இவனுக்கு உயர்ந்த கார்டு வேண்டாம். 16 ஜிபி நினைவகம், வேகமான சேமிப்பகமாக ஒரு எஸ்எஸ்டி, நடுத்தர கார்டு, 1080பி (ஃபுல் எச்டி) மானிட்டர் போதும். எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளையில் மட்டும் மலிவாகப் பார்க்காதே. அது கெட்டால் மற்றதையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். கார்டைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். கன்சோலில் அதற்கு வழியில்லை.

மாலா: பழையதாக வாங்கினால் விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேளுங்கள் அக்கா. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

யாழினி: அப்போது நான்?

பாரி: உன்னை மறப்பேனா? கம்ப்யூட்டரைக் கூடத்தில் வைத்து, எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு இணைத்து, இரண்டு கன்ட்ரோலர் வாங்கினால் நீயும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தே விளையாடலாம். டிவியில் கேம் மோடு போட மறக்காதீர்கள். இல்லையென்றால் பட்டனை அழுத்தியபின் கொஞ்சம் தாமதித்துத்தான் ஆள் குதிப்பான்.

கதிர்: கூடத்திலா?

செல்வி: கூடத்தில்தான்.

கதிர்: சரி அம்மா.

பாரி: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதிர், நீயே பூட்டு, நான் பக்கத்தில் இருக்கிறேன்.

செல்வி: கதிர், அந்தப் பந்தத்தை எனக்குக் காட்டு.

கதிர்: இப்போதா? திறக்கவே பத்து நிமிடம் ஆகும் அம்மா.

செல்வி: ஆகட்டும். வருகிறேன்.